அயோவின் தலைப்பிரட்டை

அந்தத் தெருவில் யாரிடம் கேட்டாலும் அவளை இருட்டக்கா என்றுதான் சொல்வார்கள். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. வாயைத் திறந்தால் "லைட்டை அணைங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு வராத ஒருத்தியை வேறு எப்படிக் கூப்பிடுவது? கல்லூரியின் பின்மதிலை ஒட்டி ஒரு வட்டக்கூரைக் கட்டடம் இருக்கிறது. அதற்குள் ஒரு நடுத்தரத் தொலைநோக்கி. அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவள் அவள். வந்த புதிதில் வீடு வீடாகப் படியேறி, வாசல் விளக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். சிலர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். மருந்துக்கடைக்காரர், "உங்களுக்கு நட்சத்திரம் தெரியணும்னா என் கடை யாருக்கும் தெரியக் கூடாதா?" என்று கேட்டார். அவள் விடவில்லை. நச்சரித்தே தெருவை வழிக்குக் கொண்டுவந்தாள்.

வருடங்கள் போகப் போக அது தெருவின் பழக்கமாகவே ஆகிவிட்டது. தொலைநோக்கி வானத்தைப் பார்ப்பதற்காக வட்டக்கூரையில் விட்டிருக்கும் பிளவு திறக்கும்போது துருப்பிடித்த கடைக்கதவு மாதிரி ஒரு சத்தம் வரும். தெருமுனை வரை கேட்கும். அது கேட்டதும் யாரும் சொல்லாமலே விளக்குகள் அணையத் தொடங்கும். தையல்காரர் பாதித் தையலில் எழுந்துபோய்ப் பெயர்ப்பலகை விளக்கை அணைப்பார். மாடியில் துணி எடுக்கிறவர்கள் தடவித் தடவி எடுப்பார்கள். "இருட்டக்கா கடையைத் திறந்துட்டாங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இந்த விஷயத்தில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. வெளியூரிலிருந்து ஆய்வாளர்கள் வந்தால் தொலைநோக்கியைக் காட்டுவதற்கு முன்னால் தெருவைத்தான் காட்டுவாள்.

மற்றபடி பெருமைப்பட்டுக்கொள்ள அவளுக்கு அதிகம் இருந்ததில்லை. வருடா வருடம் புதுப்பித்துத் தருகிற வேலை. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. கல்யாணப் பேச்சு வந்த போதெல்லாம் வானத்தில் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும்; அப்புறம் பேச்சு வருவதே நின்றுபோயிற்று. அண்ணன் கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கம் வண்டி கழுவும் கொட்டகை வைத்திருந்தான். காலையில் எழுந்தால் அண்ணன் சேற்றைக் கழுவப் போவான், தங்கை கணக்குப் போடப் போவாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே அளவு அலுப்போடு வீடு திரும்புவார்கள்.

அவள் வேலை, நிலவுகளுக்கு வரைபடம் போடுவது. நம்முடைய நிலா அல்ல, வியாழன் கோளைச் சுற்றுகிற நிலவுகள். இங்கிருக்கும் தொலைநோக்கியில் அவை வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். புள்ளிக்கு எப்படி வரைபடம் போடுவாய் என்று ஒருநாள் அண்ணி கேட்டுவிட்டாள். இருட்டக்கா சமையல் மேடையில் கிடந்த ஒரு பாத்திர மூடியை எடுத்து, செய்தித்தாளில் இருந்த ஒரு படத்தின் மேல் மெல்ல நகர்த்தினாள்.

"இந்தப் படம்தான் அயோ, அண்ணி. இந்த மூடி யூரோப்பா. ரெண்டும் நிலாதான். மூடி வந்து படத்தை மறைக்குது. நமக்குப் படம் தெரியாது, மொத்தமா எவ்வளவு வெளிச்சம் வருதுங்கிறது மட்டும்தான் தெரியும். மூடி ஒரு வெள்ளை இடத்தை மறைச்சா வெளிச்சம் படார்னு குறையும். கறுப்பு இடத்தை மறைச்சா அவ்வளவா குறையாது. எப்போ எவ்வளவு குறைஞ்சதுன்னு பார்த்துட்டே வந்தா, எந்த இடம் வெள்ளை, எந்த இடம் கறுப்புன்னு கண்டுபிடிச்சிடலாம்."

"அப்போ, மறைச்சாத்தான் தெரியும்கிறே."

"ஆமா."

"எங்க வீட்டு ஆளுங்களும் அப்படித்தான்," என்றாள் அண்ணி, தன் புருஷன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து. அண்ணி அந்த நிலவைக் கடைசிவரை 'ஐயோ' என்றுதான் சொன்னாள். இருட்டக்கா திருத்துவதை விட்டுவிட்டாள். பாதி நாள் அதுதான் பொருத்தமாகவும் இருந்தது.

இந்த நிலவுகள் ஒன்றையொன்று மறைப்பது எப்போதும் நம் கண்ணுக்குக் கிடைக்காது. ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஒரு பருவம் வரும். அந்தப் பருவத்திலும் ஒவ்வொரு மறைவும் சில நிமிடந்தான். அதில் நம் ஊரில் தெரிவது கொஞ்சம், மேகம் விட்டுவைப்பது அதைவிடக் கொஞ்சம். போன பருவத்தில் அவளுக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு மாலை. அன்றைக்கும் வட்டக்கூரையின் சங்கிலி நழுவி, பிளவு திறக்க மறுத்து, அவள் ஏணியில் ஏறிச் சங்கிலியோடு மல்லுக்கட்டி, கடைசி நேரத்தில்தான் திறந்தது. தெருவில் அதற்குள் விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். சத்தம் கேட்டதும் வழக்கம்போல் ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அவள் மூச்சு வாங்க உட்கார்ந்து அளக்க ஆரம்பித்தாள்.

அப்போது இருந்த கருவி ஒரு பழைய ஒளிமானி. அதற்குப் படம் எடுக்கத் தெரியாது. ஒரு சின்னத் துளை வழியாக எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று எண்ணிச் சொல்லும், அவ்வளவுதான். நிலவின் வெளிச்சமும் சுற்றியிருக்கும் வானத்தின் வெளிச்சமும் அதற்கு ஒன்றுதான். அதனால் மறைவுக்கு முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் வெறும் வானத்தை அளந்துகொள்வார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நேர்கோடு போட்டு, அதை மொத்தத்திலிருந்து கழித்துவிடுவார்கள். அன்றைக்கு முன்னால் அளந்த வானம் வெளிச்சமாகவும் பின்னால் அளந்த வானம் மங்கலாகவும் இருந்தது. அந்தி நேரம், வானம் இருட்டிக்கொண்டுதானே வரும்? அவள் கோடு போட்டாள், கழித்தாள்.

கழித்ததும் தெரிந்ததைப் பார்த்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சீராகக் குறைந்துகொண்டு வந்த வெளிச்சம் ஓரிடத்தில் படி இறங்கினாற்போல் சட்டென்று விழுந்திருந்தது. திரும்பி வரும்போது அப்படிப் படியேறவில்லை; தயங்கித் தயங்கி ஏறியிருந்தது. மாதக்கணக்கில் கணக்குப் போட்டாள். அயோவின் ஓர் ஓரத்தில் பளீரென்று ஒரு வட்டத் திட்டு, அதன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் நீண்ட வால். அயோ முழுக்க எரிமலைகள். புதிதாக ஒன்று வெடித்துக் கந்தகப் பனி கொட்டியிருக்கலாம். பக்கத்தில் போய்ப் படமெடுத்த விண்கலங்கள் அந்த ஓரத்தை அதற்கு முன்னால்தான் எடுத்திருந்தன. அதனால் இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. வீட்டில் கணினித் திரையில் அந்த வரைபடத்தை அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"என்ன இது, தலைப்பிரட்டை மாதிரி இருக்கு?"

பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய துறைத்தலைவர்கூட அப்படித்தான் சொன்னார். கட்டுரை வெளிவந்தது. பாராட்டி நாலைந்து பேர் எழுதினார்கள். எங்கோ தூரத்து நாட்டிலிருந்து ஒருவர் மட்டும், "தலை இருக்கலாம். வால் எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதினார். அவருக்கு அவள் வால்வெட்டி என்று பெயர் வைத்து, அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அப்புறம்தான் ஒரு வரைபடத் தொகுப்பு தயாராகிற சேதி வந்தது. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, கோள்களின் நிலவுகளுக்கெல்லாம் ஒரே புத்தகமாக வரைபடம் போடுகிறார்கள். அயோவின் பக்கத்தில் தலைப்பிரட்டையையும் சேர்த்தார்கள், ஆனால் புள்ளிக்கோட்டில், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. அடுத்த பருவத்தில் இன்னொருமுறை அளந்து உறுதியானால் கேள்விக்குறியை எடுத்துவிட்டுப் பெயரோடு போடுவோம் என்றார்கள். அந்தக் கேள்விக்குறியை ஆறு வருடம் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருந்தாள் இருட்டக்கா. மனுஷி ஒருத்தி ஆயுசுக்கும் உழைத்ததற்கு ஒரு புத்தகத்தில் கட்டைவிரல் நகம் அளவு இடம் கிடைக்கிறது, அதிலும் பக்கத்தில் ஒருத்தன் நின்று "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் எரிச்சல் வராதா?

இந்தப் பருவம் வந்ததே, அது அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முதல் மறைவின்போது நாள் முழுக்கப் பளிங்கு மாதிரி இருந்த வானத்தில், வேலை நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து வியாழன்மேல் குந்திக்கொண்டது. மறைவு முடிந்ததும் எழுந்து போய்விட்டது. அவள் வானத்தைப் பார்த்துத் திட்டினாள், வாய்விட்டே. இன்னொரு முறை எல்லாம் தயாராக இருந்தபோது கல்லூரி முழுக்க மின்சாரம் போயிற்று. தெருவில் ஒருவரும் விளக்கு அணைக்கவேண்டிய அவசியமே இல்லாத கும்மிருட்டு, அளக்கத்தான் வழியில்லை. "நீ கேட்ட இருட்டு வந்துடுச்சே" என்று அண்ணன் சிரித்தான். அவள் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் நடந்ததை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வானமும் இருந்தது, மின்சாரமும் இருந்தது. அதே நேரத்துக்குத் துறைத்தலைவர் ஒரு கூட்டம் வைத்து, வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் பேசப்பட்டது கழிப்பறைக் குழாய் பற்றி.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் அந்தி நேரம், போன பருவத்தில் கிடைத்தது போலவே. இதை விட்டால் இன்னும் ஆறு வருடம். அதுவரை வேலை இருக்குமா என்பதே கேள்வி. தொகுப்பு அதற்குள் அச்சாகிவிடும். இந்தமுறை ஒளிமானி இல்லை, புதுக் கேமரா வந்திருந்தது. அது நிலவையும் பக்கத்து வானத்தையும் ஒரே படத்தில் எடுத்துவிடும். முன்னால் பின்னால் என்று அளந்து கோடு போடும் வேலையே இல்லை. சங்கிலியை நம்பாமல் மத்தியானமே பிளவைத் திறந்து வைத்தாள். தெருவில் ஒரு விளக்குகூட எரியவில்லை. திறந்த கூரையைப் பார்த்தவர்கள் போடவே இல்லை. மேகம் இல்லை. கூட்டம் இல்லை. யூரோப்பா வந்து அயோவை மறைத்தது, விலகியது. கேமரா ஒரு நொடிகூட விடாமல் எடுத்துத் தள்ளியது.

வெளிச்சக் கோடு திரையில் வந்தபோது துறைத்தலைவரும் பக்கத்தில் நின்றிருந்தார். கிண்ணத்தின் உள்பக்கம் மாதிரி வழவழவென்று இறங்கி, வழவழவென்று ஏறியது கோடு. படி இல்லை, தயக்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. அவள் இன்னொருமுறை கணக்கை ஓட்டினாள். மறுபடியும் கிண்ணம்.

"மங்கிப்போச்சும்மா," என்றார் தலைவர். நல்ல மனுஷர், கூட்டம் வைக்காத நேரத்தில். "புதுசா விழுந்த பனி, ஆறு வருஷத்துல பழுப்பாகியிருக்கும். ஒரு திட்டு தோன்றி மறைஞ்சிருக்குன்னு எழுதுங்க. இருந்ததைவிட மறைஞ்சது இன்னும் பெரிய விஷயம்."

அவர் சொன்னது தப்பில்லை. அயோவில் அப்படி நடப்பதுண்டு. அவளும் சரி என்று தலையாட்டினாள். ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை தடங்கலையும் தாண்டி ஒருவழியாகப் பார்க்கக் கிடைத்தபோது, பார்க்க ஒன்றும் இல்லாமல் போவதா? யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. வாசலில் கிடந்த அண்ணனின் செருப்பை ஓர் உதை விட்டாள்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணி அவளுக்கும் தட்டு வைத்தாள்.

"என்ன, வந்துச்சா?" என்றான் அண்ணன்.

"வரல."

"வானம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு. தலைப்பிரட்டைதான் இல்ல. மங்கிப்போச்சாம்."

"அடப் பாவமே. இன்னிக்கு நான் கொட்டகை லைட்டைப் போடவே இல்ல, தெரியுமா? ரெண்டு வண்டியைத் திருப்பி அனுப்பிட்டேன். போன தடவை தலைப்பிரட்டை கிடைச்ச அன்னிக்கு மாதிரி நடுவுல ஓடி வந்து அணைக்கிற வேலையே வேண்டாம்னு."

அவள் கை தட்டிலேயே நின்றது.

"போன தடவை என்ன அணைச்சே?"

"லைட்டைத்தான். அன்னிக்கு ஒரு லாரிக்கு அடியில படுத்துக் கழுவிட்டிருந்தேன். மோட்டார் ஓடுற சத்தத்துல உன் கூரை திறந்தது காதுல விழல. வெளியே வந்து பார்த்தா தெருவே இருட்டு, உன் கூரை ஆன்னு வாயைத் திறந்துட்டு இருக்கு, என் ஹாலஜன் மட்டும் நேரா அதுக்குள்ள அடிக்குது. கையெல்லாம் சேறு. அப்படியே ஓடிப்போய் அணைச்சேன். வழுக்கி விழுந்து முட்டி பேந்துபோச்சு. இவகூட மருந்து போட்டாளே?"

"ஆமா, போட்டேன்," என்றாள் அண்ணி.

"எப்போ அணைச்சே? நான் அளக்க ஆரம்பிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீ உள்ளே என்ன பண்றேன்னு நான் கண்டேனா? இருட்டிட்டு வந்த நேரம். அணைச்ச கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நீ கூரையை மூடிட்டே."

இருட்டக்கா தட்டை நகர்த்தி வைத்தாள். முன்னால் அளந்தபோது வானம் வெளிச்சம், பின்னால் அளந்தபோது மங்கல். அந்தி என்று நினைத்தாள். நேர்கோடு போட்டாள்.

"ஆறு வருஷம்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. "ஆறு வருஷமா ஏன் இதைச் சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? அணைக்கச் சொன்னே, அணைச்சேன். தெருவுல எல்லாரும்தான் அணைக்கிறாங்க. யாராவது உன்கிட்ட வந்து சொல்லிட்டா அணைக்கிறாங்க?"

"ஏன் அணைச்சே? நீ பாட்டுக்கு எரியவிட்டிருக்கலாம் இல்ல? எரிஞ்சிட்டே இருந்திருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது! முன்னாடியும் எரியும், பின்னாடியும் எரியும், நான் கழிச்சிட்டுப் போயிருப்பேன்! நடுவுல யாரு உன்னை அணைக்கச் சொன்னா?"

அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். "கேட்டுக்கோ. லைட்டை ஏன் அணைச்சேன்னு கேக்குறா. யாரு? இவ!"

அண்ணிக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். ஆனால் நாத்தனாரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். இருட்டக்கா சாப்பிடாமல் மாடிக்குப் போனாள்.

கோபம் அண்ணன் மேல்தான் என்று கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள முடிந்தது. அப்புறம் அது அங்கே நிற்கவில்லை. தெருவில் ஒவ்வொரு படியாக ஏறி அணைக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அணைத்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னவள் அவள். ஆனால் எப்போது அணைக்கவேண்டும் என்று ஒருவருக்காவது சொல்லியிருக்கிறாளா? நான் அளக்கத் தொடங்கிவிட்டால் எரிகிறதை எரியவிடுங்கள், நடுவில் தொடாதீர்கள் என்று ஒருநாளாவது வாயைத் திறந்திருக்கிறாளா? இருட்டு நல்லது, வெளிச்சம் கெட்டது, அவ்வளவுதான் அவள் தெருவுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். கெட்டதைக் கண்டதும் சேற்றுக்காலோடு ஓடி அணைத்திருக்கிறான் ஒரு நல்ல மாணவன்.

விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. மங்கிப்போயிற்று என்று எழுதினால் போதும். தலைவர் சம்மதித்துவிட்டார், வால்வெட்டிகூட ஒத்துக்கொள்வார். அண்ணனுக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. மேலும், அவன் அணைத்தது மறைவு நேரத்தில்தான் என்பதற்கு என்ன நிச்சயம்? முன்னாலேயே அணைத்திருக்கலாம். பாதி தெரிந்துகொண்டு வாழ்வது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அளக்கக்கூடிய ஒன்றை அளக்காமல் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. அதுவும் ஒரு சனியன் பிடித்த குணம்.

மறுநாள் கிடங்கைத் திறந்து, உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து பழைய ஒளிமானியை எடுத்தாள். தூசி தட்டித் தொலைநோக்கியில் மாட்டினாள். அந்தியில், அன்றைக்கு வியாழன் இருந்த திசைக்கே குழாயைத் திருப்பி, நிலவு ஒன்றும் இல்லாத வெறும் வானத்தைக் காட்டி வைத்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"கொட்டகையிலதான் இருக்கியா? அந்த ஹாலஜன் அதேதானா, மாத்திட்டியா?"

"ஏன் மாத்தணும்? நல்லா எரியுதே. நீதான் அதை மாத்து மாத்துன்னு உயிரை எடுத்துட்டிருந்தே."

"போடு அதை."

"என்னது?"

"லைட்டைப் போடுண்ணா. நான் சொல்றப்போ அணை."

மதிலுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வெளிச்சம் குபீரென்று எழுந்தது. அது பிளவின் ஓரத்தில் பட்டு, தொலைநோக்கிக் குழாயின் வாயில் ஒரு கோடாக விழுந்தது. இவ்வளவு வருடம் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், அந்தக் கோட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க எப்படி முடியும்? அவள் உள்ளே இருக்கும்போதெல்லாம் அவன் அணைத்துத்தானே வைத்திருக்கிறான்; எரிந்த அந்த ஒரு மாலையிலும் சங்கிலியோடு மல்லுக்கட்டிய அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை.

"அணைக்கட்டுமா?"

"அணை."

திரையில் கோடு சட்டென்று ஒரு படி இறங்கியது. போன பருவத்துக் கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே உயரத்துப் படி. ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. மறுபடி போடச் சொன்னாள், மறுபடி அணைக்கச் சொன்னாள். மறுபடியும் அதே படி. பிறகு, அன்றைக்குச் செய்தது போலவே முன்னாலும் பின்னாலும் வானத்தின் அளவை எடுத்து, நடுவே ஒரு நேர்கோடு போட்டுக் கழித்தாள். படிக்குப் பின்னால், தயங்கித் தயங்கி ஏறும் வால் தானாக வந்து சேர்ந்தது. தலை அண்ணனுடைய விளக்கு. வால் அவள் போட்ட கோடு. வால்வெட்டிக்குப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அந்த வாலில் எரிமலையும் இல்லை, பனியும் இல்லை, அவளுடைய அவசரந்தான் இருந்தது.

நிலவே இல்லாத வானத்தில் அவளுடைய தலைப்பிரட்டை நீந்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு துறைத்தலைவரைக் கூப்பிட்டாள்.

"சார், தொகுப்புல இருந்து தலைப்பிரட்டையை எடுத்துடச் சொல்லி எழுதப்போறேன்."

"எதுக்கும்மா? மங்கிப்போச்சுன்னு ஒரு வரி போட்டாப் போதுமே."

"இல்லாதது எப்படி சார் மங்கும்?"

நடந்ததைச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "யாருக்கும் தெரியாதேம்மா" என்றார், மெதுவாக. அவளுடைய நல்லதுக்குத்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

"எனக்குத் தெரியுதே சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போன் மறுபடி அடித்தது. அண்ணன்.

"என்ன ஆச்சு? அணைச்சுட்டு அப்படியே நிக்கிறேன். வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சு."

"தலைப்பிரட்டையா? நிஜமாவா? பார்த்தியா, நேத்து வராதது இன்னிக்கு வந்துடுச்சு!" அவன் குரலில் இருந்த சந்தோஷம் அவளைக் கொன்றது. "நான் சொல்லல? நீதான் அவசரப்பட்டு மங்கிப்போச்சு, கிங்கிப்போச்சுன்னே."

"அண்ணா, அது உன் லைட்டு."

"என்னது?"

"நிலாவுல ஒண்ணும் இல்ல. எப்பவுமே இல்ல. அன்னிக்கு நீ அணைச்சதைத்தான் நான் நிலாவுல போட்டு வரைஞ்சு வச்சிருக்கேன்."

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் வந்த குரல் அவன் குரலாகவே இல்லை.

"நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"தெரியும்."

"எரியவிட்டிருந்தா சரியா இருந்திருக்குமா?"

"சரியா இருந்திருக்கும்."

"உன் பேரு வராதா இனிமே? அந்தப் புஸ்தகத்துல?"

"வராது."

அவனுக்குப் பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது, யாரோ, "என்னங்க, கழுவுவீங்களா மாட்டீங்களா? இருட்டுல எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்று கத்தினார்கள்.

"இன்னிக்குக் கழுவறதில்லங்க, போயிட்டு வாங்க," என்று அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னது கேட்டது. பிறகு இவளிடம், "நீ பாரு. உனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ பாரு. நான் போடவே மாட்டேன்" என்றான்.

தெரு முழுக்க இருட்டாக இருந்தது. தையல்காரரும் மருந்துக்கடைக்காரரும் மாடிவீட்டுக்காரர்களும் அவளுக்காக அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே வியாழன் பளிச்சென்று இருந்தது, பக்கத்தில் அயோ ஒரு புள்ளியாக, முகத்தில் ஒரு குறியும் இல்லாமல். பார்க்க அவளுக்கு அங்கே இனி ஒன்றும் இல்லை.

"அவரைப் போகச் சொல்லாதண்ணா," என்றாள். "லைட்டைப் போட்டுக் கழுவிக் குடு."

"கூரை திறந்திருக்கே?"

"பரவாயில்ல. எரியட்டும்."

அவன் நம்பாமல் நின்றிருக்கவேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. தெருவில் ஒவ்வொரு வாசலாக ஆட்கள் வெளியே வந்து, திறந்திருக்கும் கூரையையும் எரிகிற விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "என்னப்பா, அக்கா உள்ளே இருக்காங்க, உனக்குக் கண்ணு தெரியலியா? அணை!" என்று தையல்காரர் கொட்டகையைப் பார்த்துக் கத்தினார்.

"அவதான் போடச் சொன்னா!" என்று அண்ணன் பதிலுக்குக் கத்தினான். யாரும் அதை நம்பவில்லை.